டார்ச் அண்ணாச்சியும் எங்கள் எஸ்டேட்டின் கண்களும்

உலகத்தில் எந்த மனிதரும் டார்ச் அண்ணாச்சி அளவுக்குப் பிறர் கண்களை உற்றுப் பார்த்ததில்லை. காதலர்கள், போலீஸ்காரர்கள், கல்யாணத் தரகர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம், கேரள மலையில் இருக்கிறது எங்கள் தேயிலை எஸ்டேட். அங்கே கைக்குழந்தை முதல் மேனேஜர் பங்களா நாய் வரை அவருடைய டார்ச் வெளிச்சம் படாத ஜீவன் கிடையாது. நாய் கடித்துவிட்டது. மேனேஜர் முறைத்ததோடு விட்டுவிட்டார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் என்ற முறையில் வருகைப் பதிவேட்டில் அதை நான்தான் எழுதிவந்தேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டிஸ்பென்சரியில் உதவியாளர் வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவார், மாத்திரை எண்ணிக் கொடுப்பார், வந்தவர் பெயரைப் பதிவார். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று ஒரு காக்கிச் சட்டை, பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பேனா பருமனில் ஒரு டார்ச்.

மற்றவர்கள் எதிரே வந்தால் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். இவர், "தலையில எங்கயும் இடிச்சியாய்யா?" என்பார். இல்லை என்று சொன்னாலும் விடமாட்டார். "இடிச்சவன் எவன் ஒத்துக்கிட்டான்? நிமிந்து பாரு." இரண்டு விரல் நெற்றியில் வந்து உட்காரும், கட்டைவிரல் இமையைத் தூக்கும், வெளிச்சம் அடிக்கும். வலது, இடது, மறுபடி வலது. "ம்ம். போ."

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். பல வருடங்களுக்கு முன், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலையில் இருந்த ஒருவர் தலையில் சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து விழுந்தது. டிஸ்பென்சரிக்கு அவரே நடந்து வந்தார். அண்ணாச்சி காயத்தைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, டீ வாங்கிக் கொடுத்தார். இருவரும் சிரித்துப் பேசியிருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்று அண்ணாச்சி அனுப்பிவைத்தார். போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் வந்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கண்ணுல வெளிச்சம் அடிச்சுப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி பார்த்திருக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்த ஆரம்பித்தால், ஒரு பக்கத்துக் கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகிவிடும், வெளிச்சம் பட்டாலும் சரியாகச் சுருங்காது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். ஆள் சிரித்தாலும் நடந்தாலும் கண் பொய் சொல்லாது என்று டாக்டர் விளக்கினாராம். அந்த வாரமே போடியில் டார்ச் வாங்கினார். இனி ஒருவரையும் பார்க்காமல் அனுப்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். அந்த முடிவில் அளவு என்ற ஒன்று இல்லாமல் போனதுதான் எங்களுக்கு வந்த சோதனை.

ஒரு கல்யாணத்தைச் சொல்கிறேன். மாப்பிள்ளை எங்கள் எஸ்டேட், பெண் கம்பம். பந்தலுக்குள் நுழையும்போது மாப்பிள்ளை நல்வரவு வளைவில் டங்கென்று தலையை இடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தாலி எடுக்கும் நேரத்தில் மேடையேறிவிட்டார்.

"மாப்ளே, இங்க பாரு."

பெண்ணின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். "என்னங்கய்யா நடக்குது? மாப்பிள்ளை குடிச்சிருக்காரா?"

"சேச்சே, குடியெல்லாம் இல்ல. மூளையில ரத்தம் கசியுதான்னு பாக்கேன்."

"ரத்தமா!" பெண்ணின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஐயர் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டும் மூணு. ஒண்ணுபோல சுருங்குது" என்று அண்ணாச்சி டார்ச்சை அணைத்தார். "நீங்க தாலியக் கட்டுங்க."

அந்த 'மூணு' என் கைங்கரியம். அதற்கு முன்பெல்லாம் டிஸ்பென்சரிப் பதிவேட்டில் அவர் எழுதிவைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'வலது கண் மிளகு. இடது கண் மிளகு. சுருங்கினால் கடுகு.' இன்னொருவருக்கு, 'கொத்தமல்லி விதையைவிடச் சற்றுச் சின்னது.' மாதா மாதம் அந்தப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என் வேலை. என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, காம்பஸ் வைத்து, இரண்டு மில்லிமீட்டரிலிருந்து எட்டு வரை ஏழு கரும்புள்ளிகளை ஒரு அட்டையில் வரைந்து, கண்ணாடித்தாள் ஒட்டிக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்தால் அளவு தெரிந்துவிடும். அண்ணாச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்வே கிளார்க்கு, இம்புட்டு நேரம் உக்காந்து வரைஞ்சீரா? உமக்கு வேற சோலி இல்லையா?"

இல்லை என்பதுதான் உண்மை. எனக்குக் குடும்பம் அமையவில்லை, அவருக்கும் அப்படியே. தனி ஆளுக்கு எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை மிக நீளமான நாள். என் குவார்ட்டர்ஸில் அன்று பேசப்படும் மொத்த வார்த்தைகளும் எனக்கும் பால்காரருக்கும் இடையில் காலை ஆறரைக்குள் முடிந்துவிடும். பிறகு மூடுபனிதான். நான் டைரி எழுதுவேன். எழுத ஒன்றும் இல்லாத நாட்களில் அதையும் எழுதுவேன்.

அட்டை கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு சரியாகப் பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணாச்சி நின்றார். "லயத்துக்குப் போவோம், நோட்டு எடுத்துக்கிட்டு வாரும். எல்லார் கண்ணையும் எழுதிப் போடுவோம். அடி படுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான, அடி பட்ட பொறவு மாறிருக்கான்னு தெரியும்?"

இந்த வாதத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. நாங்கள் கிளம்பினோம். லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மூன்று மாதம். அறுபத்து மூன்று வீடு. அவர் சொல்வார், நான் எழுதுவேன். வீடு, பெயர், வலது, இடது, சுருங்கும் வேகம், குறிப்பு. பிள்ளைக் காப்பகத்தில் சமைக்கும் அம்மாளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது அரை மில்லிமீட்டர் பெரிது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்புவதற்கு முன் அவர் என் வீட்டில் பால் ஊற்றாத கட்டன் சாயா குடிப்பார். குடிப்பதற்கு முன் என் கண்களைப் பார்ப்பார். வாரத்தில் என் முகத்தை ஒருவர் தொட்டது அந்த ஒரு நிமிடம்தான். அதை நான் அப்போது டைரியில் எழுதவில்லை.

பிறகு கண் முகாம் வந்தது.

எஸ்டேட் மனமகிழ் மன்றத்தில் ஒரு ஞாயிறு காலை முகாம். புரை விழுந்து ஆபரேஷன் தேவைப்படும் பெரியவர்களைப் பொறுக்கி எடுத்து, ஆபரேஷன் செய்யவேண்டிய அந்த ஒரு கண்ணில் மட்டும் சொட்டு மருந்து விட்டார்கள். பாப்பாவை விரியவைக்கும் மருந்து. முகாமின் அறிவிப்பை டைப் அடித்தவனே நான்தான். அண்ணாச்சி ஒரு துக்கத்துக்காகப் போடிக்குப் போயிருந்தார், இந்த மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. மாலை மூன்று மணி ஜீப்பில் திரும்பி வந்து டீக்கடை முன்னால் இறங்கினார். பெஞ்சில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல டார்ச் அடித்தார்.

அலறிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். "நோட்ட எடும்வே! வலது ஏழு, இடது மூணு! அசையவே இல்ல!"

நான் நோட்டை எடுத்தேன். அடுத்த பெரியவர். "இடது ஏழு, வலது ரெண்டரை." எழுதினேன். அடுத்தவர். எழுதினேன். பதினான்கு பேர். பதினான்கு பதிவுகளையும் கோடு பிசகாமல், நேரம் போட்டு எழுதிய நான், காலையில் இவர்கள் எல்லோரும் எங்கே போய்வந்தார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எழுதுவது ஒரு வேலை, யோசிப்பது வேறு வேலை போலிருக்கிறது.

"எல்லாரும் ஒரே வண்டியில வந்துருக்காங்க. வண்டி எங்கயோ கவுந்துருக்கு. மறைக்கிறாங்க" என்று அண்ணாச்சி தீர்மானித்தார். ஒரு பாட்டியிடம் குனிந்து, "ஆத்தா, தலையில அடி பட்டுச்சா?" என்று கத்தினார்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து பட்டுக்கிட்டுத்தான்யா இருக்கேன்" என்றார் பாட்டி.

அதை அவர் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று ஜீப் வரவழைக்கப்பட்டது. முதல் ஜீப் டிரைவர் பாண்டி. பதினான்கு பெரியவர்களும் திமிறத் திமிற ஏற்றப்பட்டார்கள். போடிமெட்டு செக்போஸ்ட்டில் வண்டிகள் நின்றபோது, முகாமை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். தன் நோயாளிகள் பதினான்கு பேரும் ஜீப்பில் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அங்கே நடந்த பேச்சை நான் எழுதப்போவதில்லை. செக்போஸ்ட்டில் இருந்தவர்கள் பாண்டியைப் பார்த்துச் சிரித்ததாகவும், கிழவிகளைக் கடத்துகிறாயா என்று கேட்டதாகவும் மட்டும் கேள்வி.

அதற்குப் பிறகு அண்ணாச்சியைக் கண்டாலே ஆட்கள் முழியை உருட்டினார்கள். "அண்ணாச்சி, எனக்குப் பூசணிக்கா சைசுக்கு இருக்கு, ஜீப் வருமா?" என்றார்கள். மேனேஜர் கூப்பிட்டு, டிஸ்பென்சரிக்கு வெளியே டார்ச் எடுக்கக்கூடாது என்றார். அண்ணாச்சி எடுக்கவில்லை. யாரிடமும் தலையில் இடித்தாயா என்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு கேள்வி அவரிடம் இல்லாததால் பேச்சே நின்றுபோனது. ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் வருவார். கதவைச் சாத்திவிட்டு என் கண்களைப் பார்ப்பார். சாயா குடித்துவிட்டுப் போவார்.

நாற்பது நாள் இப்படிப் போனது. நாற்பத்தோராம் நாள், ஒரு புதன்கிழமை, நான் விழுந்தேன்.

ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த எஸ்டேட் வரைபடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பத்துப் பேர் பார்த்துவிட்டுப் போவார்கள். என்னால் முடியாது. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்டூல் புரண்டது. தலையின் இடது பக்கம் இரும்பு அலமாரியின் முனையில் பட்டது. எழுந்து, துணியால் ஒற்றிக்கொண்டு, டைரியில் குறித்தேன்: '10.20. விழுந்தேன். பெரிய காயம் இல்லை. படம் இன்னும் சாய்ந்தே இருக்கிறது.'

பத்து நாற்பதுக்குச் செய்தி கேட்டு அண்ணாச்சி வந்து நின்றார். டார்ச் கையில் இருந்தது. "ரெண்டும் மூணு" என்றார். போகவில்லை. பதினொன்றரைக்கு மறுபடி. பன்னிரண்டுக்கு மறுபடி. எனக்குத் தலைவலி ஆரம்பித்திருந்தது. எரிச்சல் வந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பதினாலு பேரைச் சாகப்போறாங்கன்னு சொன்னீங்க. இன்னைக்கு நானா? போய் வேலையப் பாருங்க."

அவர் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்தே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றரைக்கு நான் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் கேட்டுத்தான் எழுதுகிறேன். என் டைரியில் அன்று கடைசியாக இருப்பது, '2 மணி. 2 மணி. பூனை.' ஆபீஸில் பூனை கிடையாது. பூனை என்ற எழுத்து கோட்டைத் தாண்டி மேஜைமேலும் கொஞ்சம் போயிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சி டார்ச்சை எடுத்தாராம். என் இமையைத் தூக்கினார். வலது மூன்று. இடது நான்கரை. வெளிச்சத்துக்குச் சோம்பலாக அசைந்தது.

ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினார். பாண்டி ஒருவர்தான் இருந்தார்.

"ஒருக்கா பட்டது போதும் அண்ணாச்சி. செக்போஸ்ட்ல என்னைய இன்னமும் கிழவி கடத்துறவன்னுதான் கூப்புடுறாய்ங்க."

"பாண்டி, கிளார்க்குக்குக் கண்ணு வித்தியாசமா இருக்குய்யா."

"உங்களுக்கு யாரு கண்ணுதான் வித்தியாசமா இல்ல?"

அண்ணாச்சி கெஞ்சவில்லை. பாண்டியின் கையைப் பிடித்து ஆபீஸுக்கு இழுத்து வந்தார். நான் மேஜையில் தலை வைத்து உளறிக்கொண்டிருந்தேன். டார்ச்சைப் பாண்டியின் கையில் திணித்தார். அந்த டார்ச்சை அவர் இன்னொருவர் கையில் கொடுத்தது அதுதான் முதல் முறை.

"நான் சொல்லல. நீயே அடிச்சுப் பாரு. மொதல்ல வலது."

பாண்டி அடித்தார். பாப்பா சட்டென்று சுருங்கியது.

"இப்ப இடது."

பாண்டி அடித்தார். கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே நின்றார். பிறகு மறுபடி வலதுக்குப் போனார், மறுபடி இடதுக்கு வந்தார். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்க ஓடினார்.

போடிமெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சி என் கண்ணைப் பார்த்தாராம். வண்டி குலுங்கிய குலுங்கலில் பாதி வெளிச்சம் என் மூக்கு ஓட்டைக்குள் போயிருக்கும். செக்போஸ்ட்டில் யாரோ, "இன்னைக்கு எத்தன கிழவிய்யா?" என்று கேட்டிருக்கிறார்கள். பாண்டி சொன்ன பதிலையும் நான் எழுதுவதற்கில்லை.

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் ஒரு சின்னக் கருவியை என் கண்ணில் வைத்தார். கடையில் விலைச்சீட்டைப் படிக்கும் கருவி மாதிரி இருந்ததாம். வெளிச்சம் அடித்து, பாப்பாவின் அளவையும் அது சுருங்கும் வேகத்தையும் எண்ணாகக் காட்டும். வலது 3.1, இடது 4.6. அண்ணாச்சி தன் அட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே டாக்டர் கேட்டார், "இவருக்கு எப்பவுமே இப்படியா? சில பேருக்குப் பிறவியிலயே கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். முன்னாடி யாராவது பாத்திருக்காங்களா?"

"நோட்டு இருக்கு சார்!" என்று பாண்டி பெருமையாகச் சொல்லிவிட்டார். வரும்போது ஆபீஸ் மேஜையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தார். புரட்டினார்கள். அறுபத்து மூன்று வீடு. நாய்க்குக்கூட ஒரு வரி இருந்தது. என் பெயர் இல்லை. ஊர்க் கண்களையெல்லாம் எழுதிய நான் என்னுடையதை எழுதவில்லை. எழுதுகிறவனுக்குத் தன்னை ஒரு வீடாக எண்ணத் தோன்றவில்லை.

அண்ணாச்சி நோட்டை மூடினார்.

"அவருக்கு ரெண்டும் மூணு சார். ஞாயித்துக்கிழமை தவறாமப் பாத்துருக்கேன். இன்னைக்குப் பத்து நாப்பதுக்கும் மூணு, பதினொண்ணரைக்கும் மூணு, பன்னெண்டுக்கும் மூணு. கோவம் வந்தா மூணரை. நான் கதவத் தட்டி அவரு தொறக்கையில மட்டும் நாலு இருக்கும், பொறவு இறங்கிரும். ஆனா ஒரு நாளும் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருந்ததில்ல."

ஸ்கேனில் இடது பக்கம் ரத்தக்கட்டு. அன்று மாலையே மண்டையைத் திறந்து எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அண்ணாச்சி எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. எனக்கு நினைவு திரும்பியபோது அவர் அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் பதறிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு என்ன பேட்டரிம்மா போடுவாக?" என்பதுதான் என் மறுபிறவியில் நான் கேட்ட முதல் வாக்கியம்.

திரும்பி வந்ததும் லயத்தில் ஆட்கள் அவர்களாகவே நின்று கண்ணைக் காட்டினார்கள். மேனேஜர்கூட ஒரு நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு காட்டினார். அந்தப் புகழ் ஏழு மாதம் நீடித்தது. பிறகு அண்ணாச்சிக்கு ஓய்வு வயது வந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது, எல்லோருக்கும் அதுதான் சட்டம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை டைப் அடித்தவன் நான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத கடிதம் அது. திருப்பூரில் தங்கை மகன் வீட்டுக்குப் போனார்.

"இங்க எவனும் நின்னு கண்ணக் காட்ட மாட்டேங்கான்வே" என்றார் போனில். "லிப்ட்டுல ஒருத்தன் தலையத் தடவிக்கிட்டு நின்னான். டார்ச்ச எடுத்தேன். செக்யூரிட்டியக் கூப்பிட்டுட்டான்."

ஞாயிறு பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். "ஜன்னல் பக்கம் வாரும். வலதக் காட்டும். ம்ம். இடது." எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். எனக்கு அவர் முகம் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவருக்கும் அதே கதிதான் இருக்க வேண்டும். அதில் கண் எது, காது எது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன ஞாயிறு, பேசி முடித்துப் போனை வைக்கும்போதுதான் கவனித்தேன், என் பக்கத்துக் கேமராவை நான் போடவே இல்லை. அவருக்கு என் முகம் ஒரு நொடிகூடத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் வலதைப் பார்த்து, இடதைப் பார்த்து, மறுபடி வலதைப் பார்த்து, "நல்லாருக்குவே, ஒரு மாத்தமும் இல்ல" என்று சொல்லியிருந்தார். முப்பது வருடமாகப் பிறர் பிழையைத் திருத்துவதையே வேலையாகக் கொண்ட நான், அதை மட்டும் அவரிடம் திருத்தப்போவதில்லை.